வீட்டில் இருந்தும் இல்லாதவன்

"வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் பொருளை ஒப்படைக்க இயலவில்லை" என்ற குறுஞ்செய்தி வந்தபோது நான் என் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. அழைப்பு மணி ஒலிக்கிறதா என்று காலையிலேயே அழுத்திப் பார்த்திருந்தேன். ஓ.டி.பி. கேட்டு யாரேனும் அழைக்கும் நேரத்தில் எடுக்காமல் விட்டுவிடுவேனோ என்ற அச்சத்தில் கைப்பேசியைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோனேன். எந்த வண்டியும் வரவில்லை, எந்த அழைப்பும் வரவில்லை. ஆனாலும் ஒருவர் என் வாசலுக்கு வந்து, நெடுநேரம் காத்திருந்து, என்னைக் காணாமல் மனமுடைந்து திரும்பிவிட்டார் என்று செயலி சத்தியம் செய்கிறது.

வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "நான் வீட்டில்தான் இருக்கிறேன்" என்றேன். "ஆனால், தாங்கள் வீட்டில் இல்லை என்றுதான் எங்கள் சிஸ்டம் காட்டுகிறது" என்று பணிவோடு பதில் வந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்பதில் என்னைவிட சிஸ்டத்திற்கே தெளிவு அதிகம் போலும்.

சூட்சுமம் எளிது. சொன்ன தேதியில் பொருள் வராவிட்டால் அது நிறுவனத்தின் தவறாகிவிடும். "முயன்றோம், ஆள் இல்லை" என்று பதிந்துவிட்டால் அதே தாமதம் நம் தலையில் விழும். ஒரே நாளில் கொடுத்து முடிக்க முடியாத அளவுக்குப் பொட்டலங்களைச் சுமத்தி அனுப்பப்பட்டவர், மாலையில் அந்தப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறென்ன செய்வார்? என் கோபமெல்லாம் அந்தப் பொத்தானை வடிவமைத்துக் கொடுத்தவர்கள் மீதுதான்.

சேவைத் தரத்தை அளப்பதற்காகப் பரசுராமன், ஸைதமல், பெர்ரி ஆகிய சந்தையியல் ஆய்வாளர்கள் மூவர் 1988இல் 'செர்வ்குவால்' என்ற அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் இருப்பவை 22 கூற்றுகள். வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவர் உணர்ந்ததற்கும் இடையிலான இடைவெளியே தரம் என்பது அதன் அடிப்படை. கழித்தல் கணக்குதான். ஆனால் சேவையை உயர்த்தப் பணம் செலவாகும், எதிர்பார்ப்பைத் தரைமட்டமாக்கக் காசே தேவையில்லை என்பதை நம் இணையக் கடைக்காரர்கள் நன்றாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பயிற்சியின் பலனாக, இப்போதெல்லாம் பெட்டி நசுங்காமல் வந்தாலே எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தபோது, பொட்டலம் இன்னும் கிடங்கைவிட்டே நகராத நிலையில், "உங்கள் டெலிவரி அனுபவம் எப்படி இருந்தது?" என்று ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு கேள்வி வந்து நின்றது. நேரந்தவறாமை, பணிவு, தோற்றம் என ஒவ்வொன்றிற்கும் தனித்தனியாக மதிப்பிட வேண்டுமாம். ஊழியரின் தோற்றம் அந்த 22 கூற்றுகளிலேயே உண்டு; வராத ஊழியரின் தோற்றத்தை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் அதில் இல்லை. சினம் தலைக்கேறிக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பணிவுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரங்களையும் கொடுத்தேன்: என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை, கதவைத் தட்டித் தொந்தரவும் செய்யவில்லை.