ஹார்லி குயின் பிறந்தது எங்கே?
கொமிக்ஸை அனிமேஷன் தொடராக்கும்போது மூலக்கதையில் கைவைக்கவே கூடாது என்று இங்கே வந்த கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1992இல் வந்த பேட்மேன் தொடரையே எடுங்கள். பேட்மேனின் எதிரி மிஸ்டர் ஃப்ரீஸ் 1959 முதல் கொமிக்ஸில் இருந்தவன்தான், ஆனால் உறைபனித் துப்பாக்கியோடு திரியும் இன்னொரு திருடன், அவ்வளவே. நோயில் கிடக்கும் மனைவி நோராவுக்காக எல்லாவற்றையும் இழந்தவன் என்ற கதையை அவனுக்குக் கொடுத்தது அந்தத் தொடர். பிறகு கொமிக்ஸே அதை எடுத்துக்கொண்டது. ஜோக்கரின் கூட்டாளியாக வரும் ஹார்லி குயின் என்ற பாத்திரம் பிறந்ததே அந்தத் தொடரில்தான். பின்னணிக் காட்சிகளைக் கறுப்புத் தாளில் தீட்டினார்கள் (எவ்வளவு அழகான யோசனை!), அதனால் கதை நடக்கும் நகரத்தில் இருட்டுத்தான் முதலில் கண்ணில் படும், ஜன்னல் வெளிச்சம் பிறகுதான். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இப்படியான தொடர்களைப் பார்த்தால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள் என்கிறார். திருகோணமலையில் எங்கட வீட்டில் நடந்தது நேர்மாறு. உவர்மலையில் இருக்கும் அக்காவின் மகன் ஃப்ரீஸ் வரும் அத்தியாயத்தைப் பார்த்த கையோடு என் பழைய கொமிக்ஸ் பெட்டியை இறக்கச் சொல்லி நின்றான். உப்புக்காற்றில் பழுப்பேறி ஒட்டிக்கிடந்த தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்துப் பிரித்து வாசித்துவிட்டு, "மாமா, இதில அவருக்கு மனைவியே இல்லையே, ஏன்?" என்று கேட்டான். தொடரில் அந்த மாற்றம் இல்லாவிட்டால் அவன் அந்தப் பெட்டியைத் திறந்தே இருக்கமாட்டான்.