உடைந்த காயில் ஸ்பிரிங்கை வெல்டிங் வைக்கலாமா?

காரின் பின்பக்க ஸ்பிரிங் முறிந்தால் வெல்டிங் வைத்து மறுபடி மாட்டிவிடலாம், ஜாக்கி ஒன்று போதும் என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

ஸ்பிரிங் கம்பி சூடாக்கி, சட்டெனக் குளிரவைத்து, பிறகு மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் கெடும். ஒட்டுக்குப் பக்கத்தில் கம்பி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். சற்றுத் தள்ளி மென்மையாகிவிடும். ஒட்டு பிடித்தாலும் அதன் ஓரத்தில் மறுபடி முறியும், பெரும்பாலும் பள்ளத்தில் இறங்கும்போது. புது ஸ்பிரிங்தான் வழி, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து.

ஜாக்கி தூக்க மட்டுமே. பாடியைத் தாங்க இரண்டு ஸ்டாண்டு வேண்டும். பின்சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்ட்பிரேக் காரைப் பிடிக்காது. முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள்.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக உள்ள வண்டிகளில், ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக்கொடுத்த பிறகே ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டும். மெதுவாக இறக்கினால் பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள்.

ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருந்தால் கதை வேறு: ஸ்பிரிங் கம்ப்ரசரால் (ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கருவி) அமுக்காமல் மேல் நட்டைத் தொட்டால் ஸ்பிரிங் பாய்ந்து ஆளையே அடிக்கும். கம்ப்ரசர் கைவசம் இல்லையா, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மாட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி ரப்பர் இருக்கையின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே.