ஒரு வீட்டைப் பார்த்ததற்கு இவ்வளவு பேச்சா?

நேற்று முன்தினம் நான் போட்ட, தமிழ்நாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கும் பழைய செட்டியார் மாளிகையின் படங்களுக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். படங்களை நான் அழிக்கப் போவதில்லை. அந்தப் பின்னூட்டத்தையும் அழிக்கவில்லை, கிடக்கட்டும். "தறப்பாளுக்குக் கீழே கிடந்ததை அக்கா அதற்குள் மறந்துவிட்டார்" என்று எழுதிய தம்பி, போரில் இடம்பெயர்ந்து ஒரு நாளும் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்தவர் அல்லர். இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். சொல்லிவிட்டேன், போகட்டும்.

ஒரு வீட்டைப் போய்ப் பார்த்தேன். அவ்வளவுதான். திருச்சியில் உறவுக்காரப் பிள்ளையின் கல்யாணம். மறுநாள் எல்லோருமாக வேனில் ஏறிக் காரைக்குடிப் பக்கம் போனோம். முகப்பில் நின்ற தேக்குத் தூணை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தேன், விரல்கள் முட்டவில்லை. பர்மாவில் இருந்து கப்பலில் வந்த மரம். சுவரைத் தொட்டால் குளிர்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்த வழுவழுப்பு. பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிச் சலவைக்கல் என்று வழிகாட்டி ஒப்புவித்துக்கொண்டே போனார். என் கண் தரையை விட்டு எழும்பவில்லை. ஆத்தங்குடிக் கல், அந்தப் பெயருள்ள ஊரில் கையால் வார்க்கும் பூத் தரைக்கல்!

அதைச் செய்யும் பட்டறைக்கும் போனோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கண்ணிலும் ஒவ்வொரு நிறச் சீமெந்துக் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன்மேல் மணலும் சீமெந்தும். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதுதான். அந்த மினுக்கம் முழுவதும் அடியில் இருந்த கண்ணாடி கொடுத்தது.

இதை நின்று பார்த்தது மறதியா?

இலங்கையின் வன்னியில், தருமபுரத்தில் எங்கள் அம்மம்மா வீட்டுத் தரை சிவப்புச் சீமெந்து. வெறுங்காலோடு மத்தியானத்தில் அதில் படுத்துக் கிடந்துதான் வளர்ந்தேன். போர் முடிந்து 2010இல் திரும்பிப் போனபோது கூரை இல்லை, முதிரைக் கதவு இல்லை, நிலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தரை மட்டும் கிடந்தது. பற்றையை வெட்டியதும் அம்மம்மா செய்த முதல் வேலை, கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்து அந்தத் தரையைக் கழுவியது. கூரையில்லாத வீட்டின் தரையை. வாளி தூக்கிக் கொடுத்தவள் நான். எனக்கா மறதி?

"வட்டிக் காசில் கட்டிய வீடல்லவா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்விதான். இந்த மாளிகைகளைக் கட்டிய செட்டியார்கள் பர்மா வரை போய் வட்டிக்குக் கொடுத்தவர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் கைமாறி, 1938 அளவில் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்களிடம் இருந்தது. கொழும்பில் செட்டியார் தெரு என்ற பெயரும் சும்மா வந்ததல்ல. ஆனால் வட்டியைப் பற்றி வன்னிப் பெண்ணுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நுண்கடன் தவணை வாங்க வந்தவன் பக்கத்து வீட்டு முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி பொழுதுபடும்வரை நின்றபோது, அந்த வீட்டுக்காரி என் குசினிக்குள்தான் ஒளிந்திருந்தாள். கானாடுகாத்தானில் நான் பார்த்தது கதவு நிலையில் கஜலட்சுமியைச் செதுக்கிய தச்சனின் கையை. அவன் வட்டிக்கு விட்டவன் அல்லன்.

ஆனால் எனக்கு உண்மையில் சுட்டது இதுவல்ல. "எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்" என்று ஒரு வரி இருந்ததே, அது. வீட்டை இழந்தவள் படத்துக்கு எப்படி நிற்க வேண்டும் தம்பி? கண்ணைக் கசக்கிக்கொண்டா? போர் முடிந்த மே மாதம் வரும்போதெல்லாம் நான் அழுவதை யாரும் படம் பிடிப்பதில்லை, நான் போடுவதுமில்லை. சிரித்தது மட்டும் கண்ணில் படுகிறது. உங்கள் ஊரில் பனி விழுந்தால் அதற்கு முன்னால் குடும்பமாக நின்று நீங்களும் சிரிக்கிறீர்கள். நான் விருப்பக்குறி போட்டிருக்கிறேன், போய்ப் பாருங்கள்.

அந்த வீட்டின் நடுவில் வானம் தெரியும் முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் இருக்கின்றன. அதை அவர்கள் வளவு என்கிறார்கள். கல்யாணம் கட்டிய ஒவ்வொரு மகனுக்கும் அதில் ஓர் அறையாம். வழிகாட்டி அந்தச் சொல்லைச் சொன்னதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு வளவு என்றால் வேலி, கிணறு, பனை, மாமரம் எல்லாம் சேர்ந்த காணி. இராணுவம் காணிகளைப் பிடித்து வைத்திருந்த கேப்பாப்புலவில் சனம் 2017இல் தெருவோரக் கொட்டிலில் இருந்து கேட்டது அந்த வளவைத்தான். இது எனக்கு அங்கே, அந்தத் தூணடியில் நினைவுக்கு வந்தது. வீட்டில் சும்மா இருந்திருந்தால் வந்திருக்குமா?

இப்போது நான் இருப்பது ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாயில், இந்திய அரசின் உதவியோடு கட்டிய வீட்டுத் திட்ட வீடு. 550 சதுர அடி, சாம்பல் நிறச் சீமெந்துத் தரை. குறை சொல்லவில்லை, மழைக்கு ஒழுகாத வீடு. அழகு என்ற சொல்லை மட்டும் அந்த வீட்டுத் திட்டப் படிவத்தில் எங்கும் காணவில்லை.

பட்டறையில் ஒரே ஒரு கல் வாங்கினேன், சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் பையைத் திறந்து "இது என்ன?" என்று கேட்டார்கள். தரை என்றேன். வாசற்படிக்கு உள்ளே முதல் காலடி படும் இடத்தில் பதிக்க ஞாயிற்றுக்கிழமை மேசன் வருகிறார். ஒரு கல்லுக்கு முழு நாள் கூலி கேட்கிறார். கொடுக்கப் போகிறேன். படமும் போடுவேன்.