அந்தப் பெரியவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாள்களாக முகநூலில் திரும்பிய பக்கமெல்லாம் அந்தக் காணொளிதான். ஸ்மார்ட் பல்பு (போனிலிருந்து இயக்கும் விளக்கு) வீட்டு வைஃபையில் சேரவில்லை என்று வாடிக்கையாளர் சேவை மையத்துடன் ஒரு பெரியவர் பேசியதை யாரோ பதிவுசெய்து, நடுநடுவே சிரிப்பொலி சேர்த்து வெளியிட்டிருக்கிறார்கள். “உங்கள் போன் எந்த பேண்டில் இருக்கிறது, 2.4-ஆ, 5-ஆ?” என்ற கேள்விக்கு, அதாவது போன் எந்த வைஃபை அலைவரிசையில் இணைந்திருக்கிறது என்ற கேள்விக்கு, விவரம் புரியாமல் அவர் சொன்ன பதில்தான் ஊர் சிரிக்கக் காரணமாம். என் நட்பு வட்டத்தில் இருப்பவர்களே, அதிலும் என்னைப் போல வலையமைப்புத் துறையில் சம்பளம் வாங்குபவர்களே, அதைப் பகிர்ந்து “இவர்களுக்கெல்லாம் எதற்கு ஸ்மார்ட் பல்பு?” என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கேள்வியே அவரிடம் கேட்கப்பட்டிருக்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஒரு சாதனம் வீட்டு வலையமைப்பில் தானாகச் சேர்ந்துகொள்வது அந்தச் சாதனத்தின் வேலை. அதை வாங்கியவரின் வேலை அல்ல.

அவர் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை, துறையில் இருக்கும் எவரும் ஒரு நிமிடத்தில் ஊகித்துவிடலாம். பெரும்பாலான ஸ்மார்ட் பல்புகளிலும் பிளக்குகளிலும் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் விலை குறைந்த வைஃபை சில்லு. இன்றைய ரவுட்டர்களோ 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்புகின்றன. போன் பெரும்பாலும், பல்பால் சேர முடியாத 5-இல் போய் ஒட்டிக்கொள்கிறது. பல்பைப் புதிதாக மாட்டியதும் அது தனக்கென்று ஒரு தற்காலிக வைஃபையை உருவாக்கிக் காத்திருக்கும். செயலி நம் போனை அதில் சேரச் சொல்லும். போனோ, “இதில் இணையம் இல்லையே” என்று சில விநாடிகளில் அதைக் கைவிட்டு வீட்டு வைஃபைக்கே திரும்பிவிடும். உடனே திரையில் “மீண்டும் முயலவும்” என்று ஒரு வரி வரும். எதை முயல்வது, ஏன் முயல்வது என்று ஒரு சொல்லும் இருக்காது. இதில் அந்தப் பெரியவர் செய்த பிழை எது என்று சிரித்தவர்களில் ஒருவராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

இது தீர்வே காணப்படாத சிக்கல் என்றால் நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 1985-ஆம் ஆண்டிலேயே ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள்டாக் என்ற வலையமைப்பு முறையில், கணினியையும் அச்சுப்பொறியையும் ஒரு கம்பியால் இணைத்தால் போதும். கணினி தனக்கு ஒரு முகவரியைத் தானே தேர்ந்துகொள்ளும், அச்சுப்பொறியின் பெயர் தானே திரையில் வரும். இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6-இல், சாதனம் தன் முகவரியைத் தானே அமைத்துக்கொள்ளும் முறை 1996-இல் வரையறுக்கப்பட்டது. 1999-இல் ஐஇடிஎஃப் என்ற இணையத் தரநிலை அமைப்பு இதற்கென்றே ஜீரோகான்ஃப் என்ற பணிக்குழுவைத் தொடங்கியது. கைமுறை அமைப்பு ஏதும் தேவைப்படாத வலையமைப்பு என்பதே அதன் நோக்கம். ஆப்பிள் அந்தச் சிந்தனையை 2002-இல் தன் கணினிகளில் கொண்டுவந்து, பின்னர் போன்ஜோர் என்று பெயரிட்டது. இன்று நம் வீட்டு அச்சுப்பொறி போனில் தானாகத் தெரிகிறதென்றால் அந்த உழைப்பின் பலன்தான் அது.

அதோடும் நிற்கவில்லை. 2011-இல் அதே ஐஇடிஎஃப் ஹோம்நெட் என்ற இன்னொரு குழுவை அமைத்தது. ஒரு வீட்டில் எத்தனை ரவுட்டர்கள் இருந்தாலும், எந்தக் கம்பியை எதில் செருகினாலும், அவை தமக்குள் பேசி முகவரிகளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரு மூலையில் இருக்கும் சாதனத்தை மறு மூலையில் இருப்பது கண்டுகொள்ளும்படி செய்ய வேண்டும் என்று அந்தக் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்தது. 2014-இல் அதன் அடிப்படை வடிவம் ஆவணமாக வந்தது. 2016-இல் அதற்கான நெறிமுறையும் வந்தது. ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளில் இயங்கியும் காட்டியது. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ரவுட்டரில் அது இருக்கிறதா? இல்லை. அதனால்தான் பிராட்பேண்ட் நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் நீங்கள் கடையில் வாங்கிய ரவுட்டரையும் மாட்டினால் வீடு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. போன் ஒரு பக்கம், டிவி மறு பக்கம். சாதனங்கள் ஒன்றையொன்று தேடி அனுப்பும் அழைப்பு ரவுட்டரைத் தாண்டாது என்பதால், ஒரே கூடத்தில் இரண்டடி தூரத்தில் இருந்தும் போனுக்கு டிவி தெரியாது.

பொறியாளர்கள் வழி கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அதை நம் வீடுவரை கொண்டுவந்து சேர்க்க வேண்டியவர்கள் சேர்க்கவில்லை. பழியை மட்டும் ஒரு முதியவரின் தலையில் கட்டியிருக்கிறோம்.

இங்கே நினைவுக்கு வரும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியில் இணையம் வேண்டுமென்றால் “ஜிபிஆர்எஸ் செட்டிங்ஸ்” கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பி, வந்ததைச் சேமித்து, போனை அணைத்துப் போட வேண்டும். அப்போதும் அது தெரியாதவர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். இன்று சிம்மைப் போட்டதும் எல்லாம் தானாக அமைந்துவிடுகிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைவரை ரயிலில் வந்தால் கைப்பேசிக் கோபுரம் மாறுவதுகூட நமக்குத் தெரிவதில்லை. இடைப்பட்ட காலத்தில் மக்கள் ஒன்றும் பொறியியல் படித்துவிடவில்லை. டேட்டா விற்றால்தான் வருமானம் என்ற நிலை வந்ததும் நிறுவனங்கள் அந்தத் தடையை நீக்கிவிட்டன, அவ்வளவுதான். வருமானம் வரும் பாதை தானாக அமைகிறது. நமக்கு வசதி தரும் பாதைக்கு மட்டும் நாமே படித்துத் தேற வேண்டும் என்கிறார்கள். உங்கள் கேமரா எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரை ஒரு நொடியில் தானே கண்டுபிடிக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் போனைக் கண்டுபிடிக்க மட்டும் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கும்பகோணத்தில் என் அத்தை தனியாக இருக்கிறார். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்கு இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். மகன் கனடாவில் இருப்பதால் வாசலில் ஒரு கேமரா வைத்துக் கொடுத்திருக்கிறான். சென்ற ஐப்பசி மழையில் இடி இறங்கி ரவுட்டர் போய்விட்டது. நிறுவனத்திலிருந்து ஊழியர் வந்து புதிய ரவுட்டரை மாட்டினார், தன் போனில் வேகம் பார்த்தார், கிளம்பிவிட்டார். புதிய ரவுட்டருக்குப் புதிய வைஃபை பெயர், புதிய கடவுச்சொல். கேமரா, டிவி, அத்தை ஆசையாக வைத்திருந்த ஒலிபெருக்கி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. சேவை மையத்தை அழைத்தால், கேமராவின் அடியில் இருக்கும் சிறு துளையில் ஊசியை வைத்துப் பத்து விநாடி அழுத்தச் சொன்னார்களாம். எழுபது வயதைக் கடந்தவர், எட்டடி உயரத்தில் இருக்கும் கேமராவுக்கு, ஸ்டூல் மேல் ஏறி! நல்லவேளையாக அவர் ஏறவில்லை. ஆனால் எங்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை. தீபாவளிக்குப் போனபோது நானாகக் கேட்டதும்தான் சொன்னார்: “அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியலைப்பா. அதான் போனை வெச்சுட்டேன்.” வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர், ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்ற வெட்கத்தில் கேமரா இல்லாமலே இருந்திருக்கிறார்.

அவருடைய டைரியில் பழைய வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அழகான கையெழுத்தில் இருந்தன. புதிய ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் இட்டேன். சில நிமிடங்களில் கேமரா, டிவி, ஒலிபெருக்கி எல்லாம் ஒவ்வொன்றாகத் தாமே வந்து சேர்ந்துகொண்டன. ஊசியும் வேண்டியிருக்கவில்லை, ஸ்டூலும் வேண்டியிருக்கவில்லை. புதிய ரவுட்டரை மாட்டும்போதே இதைச் செய்திருக்கலாம்.

இப்போது சிலர் வருவார்கள். “யூடியூபில் இரண்டு நிமிடம் பார்த்தால் கற்றுக்கொள்ளலாமே” என்பார்கள். கற்றுக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஃபேன் வாங்குகிறவரிடம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைக் கேட்டுவிட்டா விற்கிறோம்? “இதையெல்லாம் சேர்த்தால் விலை கூடும்” என்பார்கள். மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை வெறும் மென்பொருள் என்பதே அதற்குப் பதில்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள். எல்லாம் தானாக இணைந்தால் திருடனும் தானாக இணைந்துவிடுவானே என்பது அவர்கள் அச்சம். அதற்கு வரலாறும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணை இட்டோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் முறையில், அந்த எண்ணை இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்த்தார்கள் என்பதும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம் என்பதும் 2011-இல் வெளியே வந்தது. கோடிக்கணக்கில் இருக்க வேண்டிய சாத்தியங்கள் 11,000 ஆகச் சுருங்கிப்போயின. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றி இணையத்தின் பெரிய தளங்களையே முடக்கியது. இவற்றை நான் மறக்கவில்லை. ஆனால் மிராய் எப்படி நுழைந்தது? தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் சுமார் அறுபதை வரிசையாக முயன்று பார்த்தே நுழைந்தது. அவற்றை மாற்ற வேண்டும் என்று வாங்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பல சாதனங்களில் மாற்றவும் வழியில்லை. மனிதரை நம்பி விடப்பட்ட வேலைதான் அங்கே ஓட்டையானது. கலிபோர்னியாவில் 2020 முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதலும் பொதுவான கடவுச்சொல்லோடு இத்தகைய சாதனங்களை விற்கச் சட்டம் தடை விதிப்பது, பொறுப்பு யாருடையது என்று அந்த அரசுகள் தெளிந்துவிட்டதால்தான்.

நன்றாகச் செய்யப்பட்ட தானியங்கு முறை பாதுகாப்பைக் கூட்டவே செய்யும். 2018-இல் வந்த வைஃபை ஈஸி கனெக்ட் முறையில் சாதனத்தின் மேல் இருக்கும் கியூஆர் குறியைப் படம்பிடித்தால் போதும்; அந்தச் சாதனத்துக்கென்றே தனி அனுமதி வழங்கலாம், வீட்டுக் கடவுச்சொல்லை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 10 முதலே போன்களில் அதற்கு இடம் இருக்கிறது. சாதனங்களில்தான் அரிதாக இருக்கிறது. 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் என்று எலியும் பூனையுமாக இருந்தவர்கள் ஒன்றுகூடி, 2022 அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரநிலையின் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். ஒரே குறியை வைத்து எந்த நிறுவனத்தின் பல்பையும் எந்த நிறுவனத்தின் செயலியிலும் சேர்க்கலாம், இணையம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள்ளேயே இயக்கலாம் என்பதே அதன் அடிப்படை. பயனருக்கு அறிவு போதவில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் இவ்வளவு செலவு செய்து இதை உருவாக்கியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக, “தெரியாதவர்கள் வாங்காமல் இருக்க வேண்டியதுதானே” என்பவர்களுக்கு. இது ஒரு வாதமே அல்ல. இன்று கடையில் ஸ்மார்ட் அல்லாத டிவியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் கேமரா ஆடம்பரம் அல்ல. எல்லாம் தெரிந்தவர்களாவது பாதுகாப்பாக இருக்கிறோமா? ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை விலை கொடுத்து வாங்கியவர்கள் விவரம் அறிந்தவர்கள்தான். அந்த நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் என்ற ஸ்மார்ட் சாதன நிறுவனம், அந்தப் பெட்டிகள் இயங்கத் தேவைப்பட்ட சர்வரை 2016 மே மாதத்தில் நிறுத்தியது. நன்றாக இருந்த பெட்டிகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. வீட்டுக்குள் இருக்கும் சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்றையொன்று கண்டுகொண்டு இயங்க வேண்டும் என்று நான் கேட்பது முதியவர்களுக்கு இரங்கி அல்ல. தன் வீட்டு விளக்கின் மேல் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.

அந்தக் காணொளியில் சேவை மையத்திலிருந்து பேசிய பெண்ணையும் நான் குறை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த கேள்விகளைத்தான் அவரும் கேட்டிருப்பார். ரவுட்டர் மாட்ட வரும் ஊழியர்களும், ஒரு நாளில் இத்தனை வீடு என்ற கணக்கில் ஓடுகிறவர்கள்தான். ஆகவே என் கோரிக்கை பிராட்பேண்ட் நிறுவனங்களிடம். ஹோம்நெட்டும் மேட்டரும் வரும்போது வரட்டும். பழைய ரவுட்டரைக் கழற்றும் முன் அதன் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டுக்காரரே புதியதில் இடுவதற்கு உதவ வேண்டும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எல்லாச் சாதனங்களும் இணைந்த பிறகே கிளம்ப வேண்டும் என்று உங்கள் ஊழியர்களின் வேலைப் பட்டியலில் ஒரு வரி சேருங்கள். அதற்கு ஆகும் பதினைந்து நிமிடத்துக்கும் அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள்.