கிணற்றை மூடிவிட்டு எதற்குப் பசுமைக் கட்டடம்?

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. கம்பி துருப்பிடித்து, கூரைப் பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கியதால் இடித்துக் கட்டுவதென்று முடிவாகிவிட்டது. அதில் எனக்கும் உடன்பாடுதான். போன வாரம் பில்டர் கொடுத்த வரைபடத்தைப் பார்த்ததிலிருந்துதான் மனம் ஆறவில்லை. அட்டையில் 'பசுமைக் கட்டடம்' என்று போட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியில் சூரிய மின் தகடுகள், நுழைவாயிலில் தொட்டிச் செடிகள். இப்போது கிணறு இருக்கும் இடத்தில் கார் நிறுத்தம், எண் 7.

2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியபோது, மாடிக் குழாய்களை வடிகட்டித் தொட்டி வழியாக இந்தக் கிணற்றில் இறக்கினோம். ஆண்டுதோறும் புரட்டாசியில் முதல் தளத்து மாமியும் நானும் தொட்டியின் கூழாங்கற்களை அள்ளி, சேறு போகக் கழுவி, மறுபடி போடுவோம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருவே குடங்களுடன் லாரிக்குக் காத்துக் கிடந்தது. அப்போதும் எங்கள் கிணற்றில் வாளி மூழ்கத் தண்ணீர் இருந்தது. கயிறுதான் எட்டவில்லை, துணி உலர்த்தும் கொடியை அவிழ்த்துச் சேர்த்து முடிந்தோம். பக்கத்து வீடுகளுக்கும் அதிலிருந்துதான் இறைத்துக் கொடுத்தோம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடியில் மட்டும் 3 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் லாரியில் 25 நடை. தரை முழுவதும் கான்கிரீட் போட்டுவிட்டால் அது தெருவில் முழங்கால் அளவு நின்று, பிறகு சாக்கடையில் போகும். டிசம்பரில் வெள்ளம், மே மாதத்தில் லாரி என்று இரண்டையும் நாமே வரவழைத்துக்கொள்கிறோம்.

வெப்பத்தைப் பற்றியும் வரைபடத்தில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கத்திரி வெயில் காலத்தில் இங்கே உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கிறது. சூட்டை அதிகம் வாங்குவது கூரையும், பிற்பகல் வெயில் படும் மேற்குச் சுவரும்தான். என் படுக்கையறை மேற்கில் இருக்கிறது. இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை இறக்கி வைத்த அடுப்பு மாதிரி இருக்கும். புதிய வரைபடத்திலும் படுக்கையறைகள் அங்கேதான். மாடிப்படி, லிஃப்ட், குளியலறை ஆகியவற்றை மேற்கே தள்ளினால் அவையே வீட்டுக்குக் குடை பிடிக்கும். பிற்பகலில் கடற்காற்று வரும் கிழக்கும் தென்கிழக்கும் சன்னலுக்கு உரிய திசைகள். இதற்குக் கூடுதல் செலவே இல்லை. ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். சூடேறிய ஓர் அறையின் ஏசி ஒரே இரவில் அதை விழுங்கிவிடும்.

குளித்த தண்ணீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்த வேண்டுமானால், குளியலறைக் கழிவுநீருக்கும் கழிப்பறைக் கழிவுநீருக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். சுவர் எழும்பிய பிறகு இதைச் செய்வது பெரும்பாடு.

கார் நிறுத்தத்தில்தான் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். மாம்பலம் ரயில் நிலையம் எங்களுக்கு நடக்கும் தூரம். தியாகராய நகர் பேருந்து நிலையத்துக்கு 2023-இல் திறந்த ஆகாய நடைபாதையிலேயே போய்விடலாம். காய்கறிக் கடை, கோயில், மருந்துக் கடை எல்லாம் கூப்பிடு தூரம். நெருக்கமான ஊரில் வாழ்வதன் பெரிய வரமே காரில்லாமல் வாழ முடிவது. அப்படிப்பட்ட இடத்தில் வீட்டுக்கு இரண்டு கார் என்று கணக்குப் போட்டு, கடைசிப் பிடி மண்ணையும் மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது காருக்கான இடங்களை எடுத்துவிட்டால் கிணறும் தப்பும், பின்புறத்து வேப்பமரமும் தப்பும்.

நேற்று மாலை மாமி கயிற்றில் கல் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பார்த்தார். பதினெட்டு அடியில் தண்ணீர் நிற்கிறது. அதைக் குறித்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகிறேன்.