பகல் நேரத் திருநெல்வேலியை யார் எண்ணுவது?

திருநெல்வேலி மாநகராட்சியின் மக்கள்தொகை என்ன என்று கேட்டால் எல்லோரும் 2011 கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்: 4.7 லட்சத்துக்குச் சற்று மேல். பழைய கணக்கு என்பது ஊரறிந்த குறை. என் குறை வேறு. அது எடுத்த அன்றைக்கே இரவுக் கணக்கு. எந்த வீட்டில் படுத்து எழுகிறோமோ அங்கேதான் நம்மை எண்ணுகிறார்கள். காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று அதில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

காலையில் செங்கோட்டை பாசஞ்சர் ஜங்ஷனுக்குள் நுழையும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஜவுளிக்கடைச் சீருடையுடன் பெண்கள், கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வந்தவர்கள், மஞ்சள் பையில் சீட்டும் எக்ஸ்ரேயும் வைத்துக்கொண்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ஒரு நோயாளிக்குத் துணையாக இரண்டு பேர், கையில் தூக்குவாளி. இதே நேரத்தில் முக்கூடல் பக்கம் போனால் தெருவில் வயதானவர்களும், மடியில் பீடித்தட்டுடன் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களும்தான். கணக்குப்படி அந்த ஊர் நிறைந்திருக்கிறது.

என் அக்காள் மகள் அங்கிருந்துதான் பாளையங்கோட்டைக்குப் படிக்க வருகிறாள். கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீர் பாட்டிலைத் திறப்பதே இல்லை. ஏன் என்று பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்காகச் சொல்கிறேன்: பஸ் மாறும் இடத்தில் அவள் போகக்கூடிய நிலையில் ஒரு கழிப்பறை இல்லை. இந்த நகரத்தில் அவள் குடியிருக்கவில்லை, வரி கட்டவில்லை, ஓட்டும் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதியை மட்டும் இங்கே கழிக்கிறாள்.

பகல் மக்கள்தொகையைக் கணக்கிடுவது பெரிய வித்தை இல்லை. ஊரில் குடியிருப்பவர்களோடு வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைக் கூட்டி, வெளியே வேலைக்குப் போகிறவர்களைக் கழிக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படித்தான் போடுகிறார்கள். மாணவர், நோயாளி, சந்தைக்கு வருகிறவர் எல்லாம் அதில் விட்டுப்போவார்கள். நம் ஊரில் அவர்கள்தான் பாதிக் கூட்டம். ஜப்பான் இன்னும் ஒரு படி மேல். எங்கே வேலை, எங்கே படிப்பு என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். டோக்கியோவின் சியோடா பகுதியில் 2015-இல் இரவில் சுமார் 58 ஆயிரம் பேர், பகலில் சுமார் 8.5 லட்சம் பேர் என்று சொல்ல முடிவது அதனால்தான்.

நாமும் 2011-இல் கேட்டோம், அரைகுறையாக. வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டவர்கள், எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. சேரன்மகாதேவிக்காரர் ‘இருபது கிலோமீட்டர், பஸ்’ என்றால் அவர் அம்பாசமுத்திரம் போகிறாரா, நெல்லைக்கு வருகிறாரா? இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். மாணவர்களிடம் அந்தக் கேள்வியும் இல்லை.

குடிநீர்த் திட்டத்துக்கான மத்திய அரசின் கையேட்டில், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் குடியிருப்பவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ வந்து போகிறவருக்கு 45 லிட்டர் என்று அளவு உண்டு. பகலில் வந்து போகிறவருக்கு விதியில் இடம் இருக்கிறது. பெருக்கிப் பார்க்க ஆள் எண்ணிக்கைதான் இல்லை.

2023 டிசம்பர் 17-இல் வெள்ளத்தைக் கொண்டுவந்த மழையையும் யோசித்துப் பாருங்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அதே தண்ணீர் ஒரு வேலைநாள் மதியம் ஜங்ஷனுக்குள் புகுந்திருந்தால் எத்தனை பேரை வெளியேற்ற வேண்டியிருக்கும்? அன்றிரவு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸில் சிக்கிய சுமார் 800 பேர் எந்த ஸ்ரீவைகுண்டம் கணக்கிலும் இல்லாதவர்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள்.

செல்போன் கோபுரங்களை வைத்து எண்ணிவிடலாம் என்பார்கள். ஒருவரிடம் இரண்டு போன், பள்ளிப் பிள்ளையிடம் ஒன்றும் இல்லை. அதைவிட எளிய வழி நம்மிடம் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார், அதற்குக் கணக்கும் இருக்கிறது. அப்புறம் தாமிரபரணி. மேற்கே ஜங்ஷனும் டவுனும், கிழக்கே பாளையங்கோட்டை. நடுவே விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்கள். ஓர் ஆற்றைக் கோடாக வைத்துக்கொண்டு பாலத்தில் நின்று எண்ணுவது போக்குவரத்துப் பொறியாளர்களின் பழைய முறை. 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தில் ஆரம்பிக்கலாம். மாலையில் நெல்லையப்பர் கோயில் முன்பு அல்வாவுக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் தனிக் கணக்கு. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ வைத்து நடக்கிறது. அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தனை கல்லூரிகள் உள்ள ஊரில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகளை ஒரு நாள் காலை ஏழு முதல் பதினொன்று வரை பாலங்களில் நிறுத்தினாலே போதும். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். மேலப்பாளையம் சந்தை கணக்கைக் குழப்பிவிடும்.