வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி

போன வாரம் நாகர்கோவிலில் வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனேன். அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும் என்று நான் கேட்கும் முன்பே வீட்டுக்காரர் கேட்டுவிட்டார்: “வேதக்காரங்களா, இந்துவா?” வேதக்காரர் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்தவர். பதில் சொன்னேன். கையில் எடுத்த சாவியைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டார். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் இந்த ஊரில் ஏதாவது ஒரு தெருவில் சாவி ஆணிக்குத்தான் போயிருக்கும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். நம் குமரி மாவட்டத்தில் 46.85. இந்துக்கள் 48.65, முஸ்லிம்கள் 4.2. தேர்தல் வந்தால் போதும், இந்த எண்களை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு கட்சி கட்டி நிறுத்துகிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். இந்த எண்கள் வந்த வழியை யார் பேசுகிறார்கள்?

குமரி அப்போது இருந்த திருவிதாங்கூர் ராஜாங்கத்தில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிகளில் பிறந்த நம் பாட்டிமார்களுக்கு மாரை மறைக்க உரிமையில்லை. 1859-ல்தான் அரசு இறங்கி வந்தது. அந்தக் கொடுமையில் வெந்தவர்களில் ஒரு பகுதி, 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்த மயிலாடி வழியாகக் கிறிஸ்தவச் சபைக்குப் போனது. இன்னொரு பகுதி, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து வா என்று சொன்ன அய்யாவழியின் வைகுண்டரைத் தேடிச் சாமிதோப்புக்குப் போனது. அண்ணன் சபைக்கும் தம்பி அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்குமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனை! எங்கள் குடும்பமும் அப்படித்தான். கணக்கெடுப்பில் அண்ணன் பேரப்பிள்ளைகள் ஒரு கட்டம், தம்பி பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் இந்துக் கட்டம். கல்யாணப் பந்தியில் ஒரே இலை வரிசை.

தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் ஆண்டுவிழா ராத்திரி விடிய விடியப் பாடுவது தமிழ்ப் பாட்டுதான். சிதறால் மலையில் சமண தீர்த்தங்கரர்கள் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சிப்பாறைப் பக்கம் காணிக்காரப் பழங்குடிகள் இருக்கிறார்கள், அவர்களை யாரும் ஞாபகம் வைப்பதே இல்லை.

சித்தப்பாவுக்குத் தோவாளையில் பூ வியாபாரம். விடியும் முன்பே போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே பிச்சிக் குவியல், ஈரச் சாக்கு விரித்து அதன்மேல் கொட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு கூடை சுசீந்திரத்துக்கு, ஒரு கூடை கோட்டாறு சவேரியார் கோயிலுக்கு. மிச்சத்தைக் கல்யாண வீட்டுக்காரர்கள் அள்ளிப்போவார்கள். எடை போடுகிற சித்தப்பா எந்தக் கூடைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்கு அப்புறம்தான் வீட்டுக்காரர்கள் இப்படிக் கேட்பது கூடியது என்று அம்மா சொல்வார். பயம் இருக்கும், புரிகிறது. ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வீடு வாடகைக்கு விடுகிறவர்களே, என்ன வேலை, மாசம் வாடகை ஒழுங்காக வருமா என்று கேளுங்கள், சரி. அதோடு சாவியைக் கொடுங்கள்.

எனக்கு இன்னும் வீடு அமையவில்லை. வடசேரிப் பக்கம் இரண்டு அறையோடு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.